ஃபோம் அடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு மழை

அன்புள்ள ரஃபியாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். தோஹாவுல நான் சுகம். உன் முட்டி வலி தேவலையா? அத்தாவுக்கு இருமல் நின்னுச்சா?

மாடி ரூம் தகரத்துக்கு அடியில எந்த ஃபோம் அடிக்கிறதுன்னு போன்ல கேட்ட. சுத்தி ஆளுக இருந்ததால முழுசாச் சொல்ல முடியல. அதான் லீவுல வர்ற சித்தையன்கோட்டை இஷாக்கிட்ட இதக் குடுத்துவிடுறேன்.

இங்க என் வேலையே கூரைக்கடியில குழாய்ல ஃபோம் பீச்சி அடிக்கிறதுதான. கடைக்காரன் பேச்சக் கேட்டு பஞ்சு மாதிரி மெத்துன்னு இருக்குறத வாங்கிறாத. காஞ்சதும் கட்டையா இறுகுறதுதான் நல்லது. நம்ம பேகம்பூர் வெயில் உள்ள இறங்காது.

போன வாரம் அது என் முடியில தெறிச்சு ஒட்டிக்கிச்சு. பயப்படாத, மொட்டை அடிக்க வேண்டியதாப் போச்சு, அம்புட்டுத்தான். பாக்குறவங்கல்லாம் மக்காவுக்கு உம்ரா போயி மொட்டை போட்டுட்டு வந்தியான்னு கேக்குறாங்க. ஏசியில மண்டை குளிருது. இஷாக் திரும்புறப்ப என் பழைய தொப்பியக் குடுத்துவிடு.

இன்னொண்ணு. ஃபோம் அடிச்சா மழைச் சத்தம் அடங்கிரும். தகரத்துல மழை கொட்டுறப்ப பேச்சுக் கேக்காம, நீ என் காதோட வாய வச்சுத்தான் பேசுவ. அக்டோபர்ல லீவு கேட்டிருக்கேன். ஒரு மழை பேயட்டும், அப்புறம் அடிச்சுக்கலாம்.

இஷாக் பெட்டியக் கட்டிட்டு நிக்கிறான்.

உன் மச்சான்,
அல் அமீன்