என் பை என் மடியில்தான் இருந்தது

நேற்று உன் வீட்டுக்கு வந்தேன். நீ போய் நாற்பதாம் நாள் ஜெபம். ஆடுகோடியிலிருந்து டாக்சி பிடித்தேன். மேம்பாலத்தின் இறக்கம் தொடங்கியதும் டிரைவர் கியர் குச்சியை நியூட்ரலுக்குத் தள்ளினார். ஆட்டோமேட்டிக் வண்டி. பட்டனைக்கூட அழுத்தவில்லை, விரல் நுனியால் ஒரு தள்ளு, அவ்வளவுதான். இஞ்சின் சத்தம் அடங்கி டயர் உருளும் சத்தம் மட்டும் கேட்டது. "கியர் ஹாக்கப்பா!" என்று கத்தினேன். மனிதர் பயந்துபோய் மறுபடி கியரில் போட்டுவிட்டு, "யாக்கே மேடம், பெட்ரோல் உளியுத்தே" என்றார். பெட்ரோல் மிச்சமாகுமாம். நீ தமிழில் சொல்வாய், அவர் கன்னடத்தில் சொன்னார்.

உனக்கு அது உன் அப்பாவிடமிருந்து வந்த பழக்கம். கோலார் தங்கவயலில் லாரி ஓட்டியவர். "கடவுளே தள்ளிவிடறப்ப நாம எதுக்குடி இஞ்சின வதைக்கணும்?" என்பாய். ஓட்டக் கற்ற பழைய காரில் செய்ததையே ஆட்டோமேட்டிக் வாங்கிய பிறகும் செய்தாய். சாவியைக் கையில் கொடுக்கும்போதே ஷோரூம்காரர் சொன்னார், "மேடம், ஓடற வண்டியில நியூட்ரல் போடாதீங்க. இறக்கத்துல இஞ்சின் பிடிப்பு போயிடும், எல்லா பாரமும் பிரேக் மேல விழும்." வீட்டுப்பாடம் எழுதாமல் வந்த பிள்ளையைப் பார்ப்பதுபோல அவரைப் பார்த்தாய். வெளியே வந்ததும், "நேத்துப் பொறந்தவன் எனக்குப் பாடம் எடுக்கறான் பாரு" என்றாய். நானும் பக்கத்தில் நின்று சிரித்தேன். அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

அந்த வண்டிக்காக நீ வீட்டில் போட்ட சண்டை கொஞ்சமா? இருபத்தாறு வருடம் ஒரே ஸ்டாஃப் ரூமில் ஒரே மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்தவர்கள் நாம். ஓய்வு பெற்ற மறுமாதமே நீ கார் என்று ஆரம்பித்தாய். மூட்டுவலி, கிளட்ச் மிதிக்க முடியாது, அதனால் ஆட்டோமேட்டிக். "இந்த வயசுல உனக்கு எதுக்கும்மா கார்? ஃபோன்ல கூப்பிட்டா டாக்சி வாசலுக்கே வருது" என்று உன் மகன் சொல்ல, மூன்று நாள் யாரோடும் பேசாமல் இருந்து சாதித்தாய். பிறகு சனிக்கிழமை தவறாமல் காக்ஸ் டவுனிலிருந்து ஆடுகோடிக்கு வந்து, எங்கள் சந்து முனையில் ஹாரன் அடித்துத் தெருவையே கூட்டுவாய். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

நந்தி மலைக்குப் போன அன்று உன் வீட்டுக்காரர், நான் அண்ணா என்று கூப்பிடுகிறவர், பின் சீட்டில். பெல்ட் போடச் சொன்னேன். பின்னால் உட்கார்கிறவனுக்கு எதற்கு என்று விட்டுவிட்டார். மேலே சூடாக அவித்த வேர்க்கடலை வாங்கி என் பையில் வைத்திருந்தேன். அந்தச் சூடு சுகமாக இருந்ததால் பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தேன். இறங்கத் தொடங்கியதும் நீ நியூட்ரலுக்குத் தள்ளினாய். "கேளு, எவ்வளவு அமைதியா இருக்கு" என்றாய். அமைதியாகத்தான் இருந்தது. ஆறேழு வளைவு தாண்டியதும் கருகிய நாற்றம் வந்தது. "ஏதோ தீயுதுடி" என்றேன். "முன்னாடி போற வண்டி" என்றாய். முன்னாடி எந்த வண்டியும் இல்லை. அடுத்த வளைவில் நீ பிரேக்கை மிதித்தாய், அது பாட்டுக்கு உள்ளே போனது. பள்ளத்தின் பக்கம் விடாமல் வண்டியை மலைப்பக்கம் திருப்பி மோதினாய். உனக்கும் எனக்கும் சிராய்ப்பு. அண்ணாவுக்குத் தொடை எலும்பு இரண்டாக முறிந்தது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் உன் மகன் வந்து நின்றான். வண்டியை இழுத்துப்போக வந்த மெக்கானிக், குச்சி நியூட்ரலில் இருந்ததை அவனிடம் சொல்லியிருந்தார். "யாரும்மா நியூட்ரல் போட்டது?" என்று கேட்டான். நீ ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "ஆன்ட்டியோட பை பட்டிருச்சுடா" என்றாய். அவனோடு வந்திருந்த மெக்கானிக்கும், "பட்டன் அழுத்தாமலே தள்ளிக்கும் சார், நடக்கறதுதான்" என்று ஒத்து ஊதினார். எல்லோரும் என் பையைப் பார்த்தார்கள். நான் உன்னைப் பார்த்தேன்.

பிறகு என்னை மாடிப்படிப் பக்கம் இழுத்துப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டாய். "அவர் டிஸ்சார்ஜ் ஆகற வரைக்கும்டி. இப்பச் சொன்னா சாவியப் பிடுங்கிடுவாங்க. அவர் முகத்துல நான் எப்படி முழிப்பேன்? உனக்கென்ன, உன்ன யாரு கேக்கப் போறாங்க? எனக்கு வீடு நிறைய ஆளு." கல்யாணம் ஆகாதவள், கேட்க நாதியில்லை, அதனால் பழியை இவள் தலையில் இறக்கி வைக்கலாம் என்று உனக்குத் தோன்றியிருக்கிறது. நானும் தலையாட்டினேன். பத்துப் பதினைந்து நாள்தானே என்று நினைத்தேன்.

அண்ணா டிஸ்சார்ஜ் ஆனார். வாக்கர் பிடித்து நடந்தார். வண்டியும் சரியாகி வந்தது, சாவியும் உன்னிடமே இருந்தது. நீ மட்டும் வாயைத் திறக்கவில்லை. நான்கு வருடம். உன் மகனின் காரில் நான் ஏறினால், "பைய பின்னாடி வச்சுடறேன் ஆன்ட்டி" என்று மரியாதையாகவே வாங்கிக்கொள்வான். நம் பழைய ஸ்கூல் டீச்சர் ஒருத்தி மகள் கல்யாணத்துக்கு வேனில் போனோமே, "டீச்சரைப் பையோட முன் சீட்டுல உட்கார வைக்காதீங்கப்பா" என்று யாரோ சொல்ல, வேனே சிரித்தது. நீயும் சிரித்தாய். எனக்கு அன்றுதான் உன்மேல் இருந்த ஏதோ ஒன்று அறுந்துபோனது.

என் வீட்டுக்கு வருவதை நீ நிறுத்தவில்லை. கிறிஸ்துமஸுக்குக் கேக், ரோஸ் குக்கி, ஈஸ்டருக்கு டப்பா நிறையப் பிரியாணி. உன் வீட்டுக்கு மட்டும் கூப்பிட மாட்டாய். ஒரே ஒரு தடவை கேட்டேன், "எப்பச் சொல்லப் போற?" என்று. "எல்லாரும் மறந்துட்டாங்கடி. நீ ஏன் கிளறற?" என்றாய். டப்பாவைக் கழுவிக்கூடக் கொடுக்காமல் திருப்பி அனுப்பினேன். அடுத்த மாதம் அதே டப்பாவில் மறுபடி கொண்டுவந்தாய்.

அப்புறம் ஒரு நாள் விடிகாலை, தூக்கத்திலேயே மாரடைப்பு. பெட்டிக்குப் பக்கத்தில் உன் மகள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். "ஆன்ட்டி, அம்மா உங்க மேல ஒரு நாளும் கோபப்பட்டதில்ல. மனசார மன்னிச்சிட்டேன்னுதான் சொல்வாங்க" என்றாள். மன்னித்தாயா? நீயா, என்னையா? பெட்டியில் இருந்த உன்னை எழுப்பி நாலு கேள்வி கேட்க வேண்டும்போல் இருந்தது. கண்ணீர்கூட வரவில்லை. கல்நெஞ்சக்காரி என்று யாராவது நினைத்திருப்பார்கள்.

நேற்று ஜெபம் முடிந்து எல்லோரும் வாசல் பக்கம் சாப்பிடப் போன பிறகு, உன் வீட்டுக்காரர் என்னைக் கையசைத்துக் கூப்பிட்டார். நான்கு வருடமாக என்னிடம் முகம் கொடுத்துப் பேசாதவர். பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

"டீச்சர், அன்னைக்கு நான் பார்த்தேன். அவ கைதான் தள்ளுச்சு."

"அப்புறம் ஏண்ணா சொல்லல?"

"தினம் அவ கையால சாப்பிடணுமே டீச்சர். நீங்க வேற வீடு."

எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார் பார். அந்த நேரம் உன் மகள் எனக்குக் காபி கொண்டுவந்தாள். என்னால் அடக்க முடியவில்லை. "அன்னைக்கு நியூட்ரல் போட்டது உங்கம்மாதான். என் பை என் மடியிலதான் இருந்துச்சு. அப்பாவும் பார்த்தாராம். கேளு" என்றேன். அவள் அப்பாவைப் பார்த்தாள். அவர் வாக்கரின் ரப்பர் பிடியைத் தடவிக்கொண்டிருந்தார். "எனக்கென்னம்மா தெரியும், நான் அப்பக் கண்ண மூடி ஜெபம் பண்ணிட்டிருந்தேன்" என்றார்.

உன் மகள் காபியை என் கையில் கொடுக்காமல் மேஜை மேல் வைத்தாள். "அம்மா இருக்கறப்பவே சொல்லியிருக்கலாமே ஆன்ட்டி. இப்பச் சொன்னா யாரு வந்து பதில் சொல்லுவாங்க?" என்றாள். கோபமாகக்கூட இல்லை, அலுப்பாகச் சொன்னாள். அவள் கேட்டதில் தப்பே இல்லை. அவள் இடத்தில் இருந்தால் நானும் நம்பியிருக்க மாட்டேன். காபியைக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டேன். இதுவரை கவனமில்லாதவள் என்று பேர். இனிமேல் செத்தவள்மேல் புறம் பேசுகிறவள் என்றும் சேர்த்துச் சொல்வார்கள்.

உன் மகளிடம் நான் சொல்லாத ஒன்று இருக்கிறது. இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. பிரேக் பிடிக்கவில்லை என்று தெரிந்த அந்த நொடியில் உன் வலது கை ஸ்டியரிங்கில் இருந்தது, இடது கை சும்மா இருந்தது. குச்சி ஒரு சாண் தூரத்தில். இழுத்திருந்தால் கியர் பிடித்து வேகம் குறைந்திருக்கும். நீ அதைத் தொடவில்லை. இடது கையை என் நெஞ்சுக்குக் குறுக்கே நீட்டி, என்னை சீட்டோடு சேர்த்து அழுத்திப் பிடித்தாய். மலையில் மோதி நிற்கும்வரை எடுக்கவில்லை. உன் முழங்கை வீங்கி நீலம் பாரித்துப் போனதை, ஒரு மாதம் முழுக்கை ரவிக்கை போட்டு மறைத்தாய். என்னிடம்கூட அதைப் பற்றிப் பேசவில்லை. பொய்க்காரி, கோழை, என் பேரைக் கெடுத்தவள் என்று உன்னை எவ்வளவு திட்டினாலும், கடைசியில் அந்தக் கை வந்து என்னைப் பிடித்து நிறுத்திவிடுகிறது. முழுசாக வெறுக்கக்கூட விடாமல் செய்துவிட்டுப் போய்விட்டாயே, பாவி.