உன் கழுத்தில் கட்டிவிட்ட டை

உனக்கு டை கட்டிவிட்டிருக்கிறார்கள், தம்பி. கறுப்புக் கோட்டு, வெள்ளைச் சேட்டு, நீலக் கோடு போட்ட டை. புத்தகம் என் குசினி மேசையில் கிடக்கிறது. பக்கத்தைப் புரட்டினால் அச்சு மையின் வாசம் இன்னும் போகவில்லை. அட்டையில் நீ பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருக்கிறாய். அந்தச் சிரிப்பு மட்டும்தான் உன்னுடையது. மற்றதெல்லாம் லண்டன் டூட்டிங்கில் ஒரு ஸ்டூடியோக்காரன் கீறிவிட்டது.

அண்ணை அடித்த கல்வெட்டு இது. முன்னுக்கு நாலு தேவாரம் போட்டு, செத்தவரைப் பற்றி உள்ளது இல்லாதது எல்லாம் எழுதி, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சாப்பாட்டுக்கு வருகிற சனத்தின் கையில் கொடுக்கிற புத்தகம். எத்தனை பேருடைய கல்வெட்டை நீயும் நானும் வாசித்துச் சிரித்திருப்போம்! ‘இந்த மனுசன் இவ்வளவு நல்லவரெண்டு எனக்குத் தெரியாமல் போச்சே அக்கா’ என்பாய். இப்போது உனக்கும் ஒன்று வந்துவிட்டது.

நீ பிறந்தது, படித்த பள்ளிக்கூடம், அப்பா அரசாங்கக் கச்சேரியில் பார்த்த உத்தியோகம், எல்லாம் வடிவாக இருக்கிறது. பிறகு ஒரு வரி: ‘உயர்கல்வியின் பொருட்டுக் கீழைத்தேயம் சென்று, பின்னர் லண்டன் மாநகரை வந்தடைந்து…’ கீழைத்தேயமாம்! நாட்டுக்கு ஒரு பெயர்கூட இல்லை. உன் ஜப்பான் முழுவதும் அரை வரிக்குள் போய்விட்டது. வாசித்தபோது வந்த ஆத்திரம் எனக்கு இன்னும் அடங்கவில்லை. அதனால்தான் இதை உனக்கு எழுதுகிறேன். அண்ணை எழுதாமல் விட்டதை நான் எழுதுகிறேன், கேள்.

எண்பதுகளின் கடைசியில் பாஷை படிக்கிற விசாவில் நீ அங்கே போனாய். காலையில் பள்ளிக்கூடம். பின்னேரம் தொடங்கிக் குளிக்கிற கடையில் வேலை. அப்படித்தான் நீ சொல்லுவாய், குளிக்கிற கடை. டோக்கியோவுக்கு வெளியே, பாதி வீடுகளில் குளியலறை இல்லாத ஒரு பழைய தெரு. தெருச் சனம் துவாயும் சவர்க்காரமும் எடுத்துக்கொண்டு அங்கே வரும். ஆம்பிளைகளுக்கு ஒரு பக்கம், பொம்பிளைகளுக்கு ஒரு பக்கம். ஆளுக்கொரு மஞ்சள் பிளாஸ்டிக் கிண்ணத்தால் தண்ணீர் அள்ளி ஊற்றி, ஊத்தை போகக் கழுவிவிட்டு, எல்லாரும் ஒரே சுடுதண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கி இருப்பார்கள். நீ பின்பக்கத்தில் நின்று, உடைத்த வீடுகளின் மரத்தை அறுத்து அடுப்பில் போடுவாய். கடை பூட்டினதும் காற்சட்டையை மடித்துவிட்டுத் தொட்டியைத் தேய்ப்பாய். கிண்ணங்களைக் கழுவிக் கோபுரம் மாதிரி அடுக்குவாய். ஒரு போத்தல் குளிர்ந்த பால் குடித்துவிட்டுத்தான் அறைக்குப் போவாய்.

இதையெல்லாம் நீ எனக்கு மட்டும்தான் சொன்னாய். ஞாயிற்றுக்கிழமைகளில் குட்மேய்ஸில் அண்ணை வீட்டிலிருந்து என் வால்தம்ஸ்டோ வீட்டுக்கு வருவாய். நான் கோப்பை கழுவ, நீ துடைப்பாய்.

“முதல் நாள் இடுப்பிலை கட்டின சாரத்தோடை போய் நிண்டனான் அக்கா,” என்றாய் ஒரு நாள். “கடைக்காரக் கிழவர் விழுந்து விழுந்து சிரிக்கிறார். கழட்டு, கழட்டு எண்டு கையாலை காட்டுறார்.”

“பிறகு?”

“கழட்டு எண்டவுடனை எனக்குச் செக்பொயின்ற்தான் நினைவு வந்தது. கை ரெண்டும் தன்பாட்டிலை மேலை போட்டுது.”

கழுவின கோப்பையை நான் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன். ஊரில் ஆமிக்காரர் உன்னை றோட்டோரம் உரிந்து வெயிலில் நிறுத்தி வைத்தது எனக்குத் தெரியும். அதற்குப் பிறகு நீ கிணற்றடியில்கூடச் சேட்டைக் கழற்றாமல் குளித்ததும் தெரியும். கிழவருக்கு என்ன தெரியும், பாவம். கையைத் தூக்கிக்கொண்டு நின்ற உன்னைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாராம். தானும் உடுப்பைக் கழற்றிவிட்டு முதலில் தொட்டிக்குள் இறங்கி, பக்கத்தில் தண்ணீரைத் தட்டிக் காட்டினாராம், இங்கே வந்து இரு என்று.

“அண்டைக்குத்தான் அக்கா நான் ஒழுங்காய் நித்திரை கொண்டனான்.”

இதைத்தானடா அவமானம் என்றார்கள்! நீ அங்கே இருக்கும்போதே, யாரோ சொல்லி அண்ணைக்கு விஷயம் தெரிய வந்த நாள் எனக்கு ஞாபகம் இருக்கிறது. “எங்கடை குடும்பத்திலை ஒருத்தன் போயும் போயும் சனத்தின்ரை ஊத்தை கழுவுறானோ?” என்று என் வீட்டில் வந்து நின்று கத்தினார். “அம்மாவுக்குத் தெரிஞ்சால் உயிரை விட்டிடுவா” என்றார். அம்மா அப்போது ஊரில் இருந்தார். நீ கொம்பியூட்டர் படிக்கிறாய் என்று அம்மாவுக்குச் சொல்லி வைத்தவர் அவர்தான். அண்ணை லண்டன் வந்த புதிதில் எங்கே நின்றவர்? ஆஸ்பத்திரியில் தரை துடைத்தவர். இங்கே துடைத்தால் உழைப்பு, அங்கே கழுவினால் மானம் போய்விடுமோ? கேட்டேன். “அது வேறை, இது வேறை” என்றார். என்ன வேறையோ, இன்றுவரைக்கும் அவர் சொல்லவில்லை.

“அந்த வேலை இனிக் காணும், இஞ்சை வா” என்று உன்னைக் கூப்பிட்டார். நீயும் வந்தாய். வந்த கிழமையே அவருடைய வீட்டுக் குளியலறையில் தொட்டிக்கு வெளியே வாளியைக் கவிழ்த்துப்போட்டு இருந்து, அள்ளி அள்ளி ஊற்றிக் குளித்தாய். கார்ப்பெற் போட்ட இங்கிலீஷ்க் குளியலறை. தண்ணீர் கீழே இறங்கி, குசினியில் அண்ணையின் புட்டுக்கு மேலே சொட்டியது. “இதென்ன உன்ரை குளிக்கிற கடையே?” என்று அவர் கீழே நின்று குளற, நீ மேலே நின்று, “ஊத்தையைக் கழுவிப்போட்டுத்தான் அண்ணை தொட்டிக்குள்ளை இறங்கவேணும். வெள்ளைக்காரன் தன்ரை ஊத்தைக்குள்ளையே ஊறுறான்” என்றாய். நான் வயிறு நோகச் சிரித்தேன். நீ அந்த வீட்டில் வாய் திறந்து சொன்ன கடைசி நியாயம் அதுதான் என்று நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு யார் வந்து, “தம்பி ஜப்பானிலை என்ன செய்தவர்?” என்று கேட்டாலும் அண்ணை முந்திக்கொண்டு, “கொம்பியூட்டர்” என்பார். நீ நிலத்தைப் பார்ப்பாய். ஒரு மனுசன் தன் பழுதான கொம்பியூட்டரைக் காரில் ஏற்றிக்கொண்டு வந்தே விட்டார். நீ அதைத் திறந்து தூசியைத் துடைத்துப் பூட்டிக் கொடுத்தாய். அது வேலை செய்துவிட்டது! பிறகு கேட்பானேன், அண்ணை சொன்னது உண்மை என்று ஊரே நம்பிவிட்டது.

எனக்கு உன்னிலும் கோபம்தான், மறைக்கவில்லை. ஏன்ரா வாயை மூடிக்கொண்டிருந்தாய்? கேட்டால், “விடு அக்கா, அண்ணைக்கு அது தேவையாய்க் கிடக்கு” என்பாய். உனக்கு என்ன தேவை என்று ஒருவரும் கேட்கவில்லை. வேர்ஹவுஸில் ஷிப்ட், வீடு, திரும்ப ஷிப்ட். மத்தியானத்தில் என் வீட்டு மணிக்கூட்டைப் பார்த்து, “இப்ப அங்கை இரவு, சனம் நிறைஞ்சிருக்கும்” என்பாய். அவ்வளவுதான் நீ உனக்காக வைத்திருந்தது. கடைசியில் ஷிப்ட் முடிந்து பஸ்ஸுக்கு நின்ற இடத்தில் உன் நெஞ்சு நின்றுவிட்டது.

சாவீடு முடிந்து அண்ணை என்னிடம் வந்தார். “இஞ்சை எடுத்த ஒரு படத்திலையும் அவன் சிரிக்கேல்லை. உன்னட்டை வடிவான படம் ஒண்டு இருக்கோ?” ஏன் ஒரு படத்திலும் நீ சிரிக்கவில்லை என்று அந்த மனுசன் ஒரு நிமிடம் யோசித்திருப்பாரா? நீ எனக்குத் தந்த படத்தை எடுத்துக் கொடுத்தேன். கடை வாசல். நடுவில் நீ, ஒரு பக்கம் கிழவர், மறு பக்கம் அவருடைய மனைவி. அந்த மனுசியின் கை உன் தோளில். உன் கழுத்தில் கடைப் பெயரும் ஃபோன் நம்பரும் அச்சடித்த மெல்லிய துவாய். படம் திரும்பி வந்தபோது அதில் நீ மட்டும் இருந்தாய். இரண்டு பக்கத்தாலும் கத்தரிக்கோல் போட்டிருந்தார்கள். துவாய் இருந்த இடத்தில்தான் அந்த டை.

நீ வரும்போது கொண்டுவந்த அந்தத் துவாய் என் குசினிக் கதவில் தொங்கியது. நீ கோப்பை துடைக்கிற துவாய். அந்தியேட்டியன்று அதை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு குட்மேய்ஸுக்குப் போனேன். என்ன செய்யப் போகிறேன் என்று எனக்கே தெரியாது. கோபம், அவ்வளவுதான்.

கிரியை முடிந்து வந்த பிறகு அண்ணை வீட்டில் சாப்பாடு நடந்துகொண்டிருந்தது. கல்வெட்டைக் கையில் வைத்திருந்த ஒரு மனுசி, “என்ன வடிவான சிரிப்பு! இது எங்கை எடுத்த படம்?” என்று கேட்டார்.

“யூனிவர்சிற்றியிலை,” என்றார் அண்ணை.

“குளிக்கிற கடையிலை,” என்றேன் நான். வீடு முழுக்கக் கேட்கத்தான் சொன்னேன். “ஜப்பானிலை என்ரை தம்பி குளிக்கிற கடையிலை தொட்டி கழுவினவன். படத்திலை கழுத்திலை கிடந்தது துவாய். டை இல்லை.”

“நீ பேசாமல் இரு தங்கச்சி,” என்று அண்ணை எழும்பி வந்தார். “அம்மா இருக்கிறா.”

அம்மா கதிரையில் இருந்தார். லண்டனுக்கு வந்து நாலு வருசமாக ‘கொம்பியூட்டர் படிச்ச மகன்’ என்று நம்பியிருந்த அம்மா. அழுவார் என்று நினைத்தேன். அம்மா என்னைப் பார்த்து, “அங்கை அவன் பசி கிடந்தவனோ?” என்று கேட்டார்.

“இல்லையம்மா. கடைக்கார மனுசி ஒவ்வொரு நாளும் சோறும் மீனும் வைச்சுக் குடுத்தவ. காய்ச்சல் வந்த நேரம் தங்கடை வீட்டிலை படுக்க வைச்சுப் பாத்தவ.”

“அவவை அவன் என்னெண்டு கூப்பிட்டவன்?”

நான் அம்மாவின் கதிரைக்குப் பக்கத்தில் குந்தினேன். பிறகு சொன்னேன். “அவையின்ரை பாஷையிலை அம்மா எண்டுதான்.”

“அப்ப சரி,” என்றார் அம்மா. கல்வெட்டை மடியில் வைத்து அட்டையைத் தடவினார். “இதிலை அவவின்ரை கை கிடந்தது, வெட்டிப்போட்டினம்,” என்று உன் தோளை நான் விரலால் காட்டினேன். அம்மா நிமிர்ந்து அண்ணையைப் பார்த்தார். “பக்கத்திலை நிண்ட தாயை ஏன் மோனை வெட்டினனீ?”

அண்ணை கல்வெட்டை வாங்கக் கை நீட்டினார், அம்மா கொடுக்கவில்லை.

“அவன் செத்தது அவவுக்கு ஆர் சொன்னது?”

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கையை எடுத்துவிட்டார்கள். நானும் அவவுக்குச் சொல்லவில்லை, தம்பி. நான் பைக்குள் இருந்து துவாயை எடுத்து அம்மாவிடம் கொடுத்தேன். அம்மா அதை முகர்ந்து பார்த்தார். எழுத்தையும் இலக்கங்களையும் பார்த்தார். பிறகு அண்ணையிடம் நீட்டினார். “இந்தா. வெட்டினது நீ. நீயே சொல்லு.”

அண்ணை மறுக்கவில்லை. மத்தியானம், அங்கே இரவு, கடை திறந்திருக்கும் நேரம். முன்னுக்கு அடிக்க வேண்டிய கோட் எனக்குத் தெரியும், அந்த நாளில் உன்னோடு கதைக்க நான் எடுக்கிற அதே நம்பர்தானே. அப்போதும் அந்த மனுசிதான் எடுப்பார். உன் பெயரின் முன்பாதியை மட்டும் வாய் நிறையக் கூவி உன்னை அழைப்பார். பின்னால் தரையில் கிண்ணங்கள் முட்டுகிற சத்தம் கேட்கும்.

அண்ணை நடையில் நின்று, ஃபோனின் சத்தத்தைக் கூட்டிவிட்டு நம்பரை அடித்தார். அந்தப் பக்கம் எடுத்தார்கள். அண்ணை தொண்டையைச் செருமிக்கொண்டு உன் பெயரைச் சொன்னார்.

உன் குரலும் அண்ணையின் குரலும் ஒன்று என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஃபோனில் எங்கள் சொந்தக்காரரே ஆள் மாறிக் கதைப்பார்களே! அந்த மனுசி நீதான் என்று நினைத்துவிட்டார். உன் பாதிப் பெயரை அவர் கூவியது எங்களுக்கெல்லாம் கேட்டது. சிரிக்கிறார், கிழவரைக் கூப்பிடுகிறார், மூச்சு விடாமல் ஏதோ கேட்டுக்கொண்டே போகிறார். அண்ணை “நோ, நோ” என்றார். “பிரதர்” என்றார். அங்கே ஆர் கேட்கிறது? எத்தனை வருசத்துக்குப் பிறகு பிள்ளை ஃபோன் எடுத்திருக்கிறான்.

அண்ணை சுவரில் சாய்ந்தார். “நான் அவனில்லை அம்மா,” என்று தமிழில் அழத் தொடங்கினார். “நான் அவன்ரை அண்ணை… அவன் போட்டான் அம்மா, எங்களை விட்டிட்டுப் போட்டான்…”

அந்தப் பக்கத்தில் சிரிப்பு நின்றது. பேச்சும் நின்றது. கொடக், கொடக் என்று ஒரு சத்தம் மட்டும் கேட்டது.

“என்ன பிள்ளை சத்தம் அது?” என்று அம்மா கேட்டார்.

“அவன் கழுவி அடுக்கின கிண்ணங்கள் அம்மா.”

அம்மா எழும்பிப் போய், அண்ணையின் கையில் இருந்து ஃபோனை வாங்கிக் காதில் வைத்தார். ஒன்றும் பேசவில்லை. அந்தப் பக்கத்திலும் பேசவில்லை. இரண்டு பேரும் வைக்கவும் இல்லை.

எனக்கு ஆத்திரம் தீர்ந்துவிட்டது என்று நினைக்காதே. அண்ணை அழுதார் என்பதற்காக நீ சிரித்துக்கொண்டு நின்ற இடம் உனக்குத் திரும்பி வராது. கல்வெட்டில் மிச்சம் ஒரு பெட்டி அவருடைய வீட்டு நடையில் கிடக்கிறது. டை கட்டின உன்னை அவரே வைத்திருக்கட்டும். துவாயை நான் கேட்டு வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். குசினிக் கதவில் அதே ஆணியில் கொழுவியிருக்கிறேன். இனி அதால் கோப்பை துடைக்க ஒருவரையும் விடமாட்டேன்.