லொரெய்ன் வண்டியின் ஏணி

குவார்ட்சைட், அரிசோனா
ஜனவரி 19

அன்புள்ள மருமகனே,

இதெல்லாம் நடக்கும் என்று நான் முன்பே சொன்னது இந்தக் குளிர்கால வண்டி முகாம் முழுக்கத் தெரியும். போன வருஷம் பக்கத்து இடத்து லொரெய்னின் பழைய மோட்டார் ஹோம் வண்டிக்கு நீ பூட்டிய புது ஏணி, அவள் கூரையைக் கழுவ ஏறியபோது திருகோடு பிடுங்கிக்கொண்டு வந்ததே, அதைத்தான் சொல்கிறேன். அன்று முறிந்த அவள் மணிக்கட்டு கூடிவிட்டது. மாவுக்கட்டோடேயே சீட்டாட்டத்தில் எங்கள் எல்லோரையும் மொட்டையடித்தாள்.

நேற்று அந்தப் பின்சுவரை நானே திறந்தேன். இந்த வேலை தெரிந்தவர்கள் அரிசோனாவில் இரண்டே பேர்; மற்றவர் செத்துப்போனார். வெளியே ஃபைபர் தகடு பளபளவென்று இருந்தது. உள்ளே திருகைப் பிடிக்க வேண்டிய மரமோ, பழைய ஏணியின் திருகு ஓட்டைகள் வழியாக இறங்கிய மழையில் ஊறி, காபியில் நனைத்த ரொட்டியாக இருந்தது. ஒரு வாளி அள்ளினேன், இரண்டு என்றே வைத்துக்கொள். புதுப்பலகை வைத்து, ஓட்டைகளில் பசை அடைத்து ஏணியை மாட்டினேன். இனி இரண்டு எருமை ஏறலாம்.

லொரெய்ன் நாற்காலி போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன்பா, உன் மருமகன் அந்த மரத்தத் தொட்டுக்கூடப் பாக்காமலா திருகுனான்? அதான் இந்தக் குளிர்காலம் மூஞ்சியவே காட்டலையா?"

"நான் தலப்பாடா அடிச்சுக்கிட்டேன், கேக்கல" என்றேன். ஒரு வருஷமாக எல்லோரிடமும் இதையேதான் சொல்கிறேன்.

அந்த ஒன்று மட்டும் நானாகக் கட்டிய பொய். "திறந்து பாத்துரலாமா மாமா?" என்று நீ கேட்டாய். "இரும்பாட்டம் இருக்கு, திருகுடா" என்றது நான்தான்.

இப்படிக்கு,
உன் மாமா