பேஸ்மென்ட் அலமாரியைத் திறக்காதே

மாரிட்,

பேஸ்மென்ட் அலமாரிய மட்டும் திறந்துடாதே. காலையில நான் காய்ச்சின பீர் பாட்டில் ஒண்ணு வெடிச்சு, உள்ளே பூரா கண்ணாடிச் சில்லு. மிச்சம் இருபதும் எப்ப வெடிக்கும்னு தெரியல. பூனைய மாடியிலயே வச்சுக்கோ. உன் போன் இங்கேயே கிடக்கு, அதான் சீட்டு.

எல்லாம் இருபத்தேழாவது பேட்ச். மூணு நாள் அளந்து, சர்க்கரை அளவு இறங்காம நின்னாத்தான் பாட்டில்ல அடைக்கணும், இல்லேன்னா உள்ளேயே புளிச்சு வெடிக்கும். நான் ஒரு நாள்தான் அளந்தேன். மத்த ரெண்டு நாளுக்கும் அதே நம்பர பீர் கணக்கு சாஃப்ட்வேர்ல போட்டேன். அதுவும் நம்பி பச்சை டிக் காட்டிருச்சு. ஞாயித்துக்கிழமை நீ "அளந்து எழுதுறியா, ஆசைப்பட்டு எழுதுறியா?"ன்னு கேட்டியே, அதனாலதான் அவ்வளவு கத்தினேன்.

அதுல ஆறு பாட்டில் உன் தங்கச்சி சொல்வேய்க் வீட்ல, பிள்ளைங்க விளையாடுற மாடிப்படிக்கு அடியில இருக்கு. அவ போன் எடுக்க மாட்டேங்கிறா. அங்கதான் ஓடுறேன். நீயும் விடாம கூப்பிடு.

ஓவன்ல ராத்திரி சாப்பாட்டுக்கு ஹாட்டிஷ் வேகுது, அஞ்சு மணிக்கு அணைச்சிரு.

வெண்டல்

பி.கு.: போன மாசம் உங்கப்பாவுக்குக் குடுத்த பேட்ச்சோட பதிவையும் இப்பத்தான் திறந்து பாத்தேன். அதுல எது அளந்தது, எது ஆசைப்பட்டதுன்னு எனக்கே தெரியல. அவருக்கும் போன் போடு.