ஒரு ஜோடிச் செருப்புக்கு இடம்

மே 23, வியாழன்

முதலில் என் கண்ணில் பட்டது செருப்புத் தட்டுதான்.

காலையில் நாங்கள் வேலை செய்யும் நெடுஞ்சாலை ஓய்விடத்தின் வாகன நிறுத்தத்தில் ஒரு குட்டி கேம்பர் வேன் நின்றது. மஞ்சள் நம்பர் பிளேட், இங்கே குட்டி வண்டிகளுக்கு அதுதான். சாப்பாட்டுப் பெட்டிக்குச் சக்கரம் வைத்தது மாதிரி. பக்கக் கதவு திறந்திருந்தது. படியை ஒட்டி உள்ளே ஒரு பிளாஸ்டிக் தட்டு. அதில் ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ், மூக்கு வெளியே பார்த்தபடி. அதோடு தட்டு நிறைந்துவிட்டது.

நான் வெங்காயத்தாள் கட்டுகளுக்கு விலைச் சீட்டு ஒட்டப் போய்க்கொண்டிருந்தேன். அதற்குள் யாசுயோ அத்தை உணவகச் சமையற்கட்டிலிருந்து கரண்டியும் கையுமாக ஓடிவந்தாள். வேனின் சொந்தக்காரி தலைக்குச் சிவப்புச் சாயம் பூசிய அறுபது வயதுக்காரி. தனியாக ஊர் சுற்றுகிறாளாம்.

"அக்கா, உள்ள வந்து பாக்கலாமா?"

அந்தம்மா பதில் சொல்வதற்குள் அத்தையின் செருப்பு தரையில் கிடந்தது. அத்தை படுக்கையில் கிடந்தாள்.

வெளியே வந்தபோது அவள் கண்கள் மாலையில் பாதி விலைக்கு வரும் கணவாயைப் பார்க்கிற கண்கள் மாதிரி இருந்தன. "சுசு, அக்டோபர்ல நம்ம கட்டடத்த இடிச்சுக் கட்டப் போறாங்கல்ல? ஒரு வருஷம் யாருக்கும் மீன் பொரிக்க வேண்டாம். இந்த மாதிரி ஒண்ணு வாங்கிக்கிட்டு வடக்க ஹொக்காய்தோ வரைக்கும் போயிட வேண்டியதுதான்."

அவள் வீட்டில் இருக்கும் நான் என்ன ஆவேன் என்று கேட்கவில்லை. கேட்கிற பழக்கம் எனக்கு இல்லை.

மே 26, ஞாயிறு

அத்தை அப்பாவிடமும் சொல்லிவிட்டாள் போல. இன்று அப்பா கூப்பிட்டார். "அக்கா கிளம்பிட்டா நீ ஒகயாமாவுக்கு வந்துடும்மா. பதினேழு வயசு ஆகுது. வீட்டுல இருந்தே படிக்கிற பள்ளிக்கூடமெல்லாம் இப்ப இருக்கு."

"ம்" என்றேன். அப்பா அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். என் 'ம்' எல்லாவற்றையும் எல்லோரும் அப்படித்தான் எடுத்துக்கொள்கிறார்கள்.

ஒகயாமா வீட்டு மாடியிலிருந்து என் பழைய பள்ளியின் கடிகாரம் தெரியும். அதன் கீழே ஒரு வகுப்பறையில் ஏழு மாதம் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். பிறகு போவதை நிறுத்தினேன். இங்கே ஹமாதாவில் எனக்கும் சேர்த்து அத்தையே பேசிவிடுகிறாள். கடைக்காரரிடம், பக்கத்து வீட்டில், தபால்காரரிடம். சில சமயம் நான் நினைக்காததைக்கூட எனக்காகச் சொல்லிவிடுவாள். பரவாயில்லை.

ஜூன் 5, புதன்

கார் விற்கும் கடைகளுக்குப் புதன்கிழமை விடுமுறை. இந்த நாட்டில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். எங்கள் ஓய்விடத்துக்கும் புதன்தான் விடுமுறை, ஆகவே இன்று போனோம். மூன்று கடைகள். மூன்றிலும் வாசலில் சங்கிலி.

சங்கிலிக்குப் பின்னால் நின்ற வேன்களை மிருகக்காட்சிச் சாலையில் நிற்பது போல நின்று பார்த்தோம். சோற்று உருண்டை தின்றோம்.

"அந்த மூலையில ஒண்ணு முகத்தத் தொங்கப்போட்டுட்டு நிக்குது பாரு. அப்படியே நீதான்."

பதிலுக்கு, நடுவில் பாதையை அடைத்துக்கொண்டு நின்ற பெரிய வண்டியைக் கை காட்டினேன். அத்தை சோறு சிந்தச் சிந்தச் சிரித்தாள். இனிமேல் அவளுக்கும் எனக்கும் வியாழன் விடுமுறை. மேலாளரிடம் பேசி மாற்றிக்கொண்டாளாம்.

ஜூன் 13, வியாழன்

பழைய வேன் விற்கும் கடைக்காரர் பெயர் குராமோச்சி. தலையில் ஒரு முடி இல்லை, பளபளவென்று இருக்கிறது. குனிந்து வணங்கினால் நம் முகம் அதில் தெரிகிறது.

"சிகரெட் பிடிக்காதவங்க வெச்சிருந்த வண்டிங்க. நாயே ஏறினதில்ல" என்றார்.

நான் மெத்தையிலிருந்து ஒரு முடியை எடுத்து அத்தையிடம் நீட்டினேன். பழுப்பு நிறம், சுருட்டை.

அத்தை அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பிறகு அவர் தலையைப் பார்த்தாள். "அப்ப இது உங்களுதா, குராமோச்சி-சான்?"

அவர் தலை மெல்லச் சிவந்தது.

பிறகு அத்தை படுத்துப் பார்த்தாள். சுவரை ஒட்டி, கைகளை உடம்போடு சேர்த்து, பென்சில் மாதிரி. "தனியாப் படுத்தா ராணி மாதிரி இருக்கலாம்" என்றார் குராமோச்சி. "இடம் பத்தாது" என்றாள் அத்தை. அவர் அத்தையின் இடுப்பைப் பார்த்துவிட்டு, அப்படிப் பார்த்திருக்கக் கூடாது என்று உணர்ந்து, கூரையைப் பார்த்தார்.

நானும் கூரையைப் பார்த்தேன். காற்றுத் துவாரத்தைச் சுற்றிப் புதிதாகப் பசை பூசியிருந்தது. விரலால் அழுத்தினேன். டீயில் நனைத்த பிஸ்கட் போல அமுங்கியது. என்ன சொல்வதென்று தெரியாமல் அவர் முகத்தையே பார்த்தேன், அவ்வளவுதான்.

"போன வருஷப் புயல்ல லேசா ஒழுகிச்சு" என்றார்.

நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"லேசான்னா... ஒரு வாளி."

அத்தை காரில் ஏறும்வரை பொறுத்திருந்தாள். பிறகு ஸ்டீயரிங்கைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். "போலீஸ்காரன்கூட அடிச்சுக் கேப்பான்டி. நீ சும்மா பாத்தே கக்க வெச்சுட்ட!"

ஜூன் 14, வெள்ளி

அத்தை சொல்லிச் சொல்லி, தம்பி பெண்ணின் திறமை ஓய்விடம் முழுக்கப் பரவிவிட்டது. முள்ளங்கி கொண்டுவரும் தாத்தா இன்று நான் பார்த்ததும், கேட்காமலே, உள்ளே இரண்டு வெடித்தது இருக்கிறது என்று ஒப்புக்கொண்டார்.

ஜூன் 20, வியாழன்

இரண்டாவது வண்டி. கடலோர ஊரில் ஒருவர் வீட்டு முற்றத்தில். உள்ளே முழுக்கத் தேவதாரு மரப் பலகை, நல்ல வாசனை, மடித்தால் மேசையாகிற அலமாரி. படுக்கை அகலம். அத்தை மறுபடி சுவரோரம் பென்சிலாகப் படுத்து, "ம்ம்... இது பரவால்ல" என்றாள்.

நான் வெளியே போய்த் தரையில் மண்டியிட்டு அடியில் பார்த்தேன். துரு. உப்புக் காற்று அடியைத் தின்றுவிட்டிருந்தது. விரல் பட்ட இடத்தில் சருகு போல உதிர்ந்தது.

கையைக் காட்டினேன். அத்தை என் முதுகில் தட்டினாள். "நீ இல்லேன்னா நான் ஓட்டை வாளிய வாங்கிட்டுப் போயிருப்பேன்."

எழுதியே ஆக வேண்டும். துருவைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒவ்வொரு வண்டிக்கும் ஏதாவது கெட்டுப்போயிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டுதான் போகிறேன். நல்ல வண்டி கிடைத்தால் அத்தை வடக்கே, நான் ஒகயாமாவுக்கு. அத்தை என்னைக் கெட்டிக்காரி என்கிறாள். நான் எப்படிப்பட்டவள் என்று அவளுக்குத் தெரியுமா?

ஜூன் 24, திங்கள்

மழைக்காலம் வந்துவிட்டது. அத்தை தாழ்ந்த மேசையில் வரைபடத்தை விரித்து, நண்டு நன்றாகக் கிடைக்கும் ஊர்களில் வட்டம் போடுகிறாள். தின்பதைத் தவிர வேறெதற்கும் வட்டம் இல்லை.

அம்மா அனுப்பிய செய்தி: என் அறையில் ஏ.சி. மாட்டியாயிற்றாம்.

ஜூன் 27, வியாழன்

குராமோச்சி தாமே கூப்பிட்டார். புதிதாக ஒன்று வந்திருக்கிறதாம். "உங்க தம்பி பொண்ணையும் கூட்டிட்டு வாங்க. இந்தத் தடவை எனக்குப் பயமில்ல."

காலையிலேயே அத்தை என்னை வெந்நீர் ஊற்றுக் குளியலுக்கு இழுத்துப்போனாள். "பொண்ணு பாக்கப் போற மாதிரி சுத்தமாப் போவோம்." முதுகு சிவக்கத் தேய்த்துக் குளித்தாள்.

பாலாடை நிறத்தில் சின்ன வேன். பறவைகளைப் பார்க்கப் போகும் ஓர் அம்மாவுடையதாக இருந்ததாம். கூரையின் நான்கு மூலைகளையும் அழுத்தினேன். கல் மாதிரி இருந்தது. அடியில் துரு இல்லை. குழாயில் தண்ணீர் தெளிவாக வந்தது. மெத்தையைத் தூக்கினேன், பூசணம் இல்லை. முடிகூட இல்லை. அரசாங்க வண்டிச் சோதனைக்கு இன்னும் நிறைய நாள் இருந்தது. குராமோச்சி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நான் அவரைப் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார். ஒப்புக்கொள்ள அவரிடம் ஒன்றுமில்லை.

வாசலில் ஒரு தட்டு இருந்தது. ஒரு ஜோடிக்குத்தான். அத்தையின் ரப்பர் செருப்பு அதில் அளவெடுத்தது போல உட்கார்ந்திருந்தது. நான் என் ஷூவை வெளியே தரையில் விட்டிருந்தேன்.

அத்தை உள்ளே பென்சிலாகப் படுத்திருந்தாள். "என்ன சுசு, ஏதாவது இருக்கா?"

"வாசனை" என்றேன்.

"என்ன வாசனை?"

"...மீன்."

குராமோச்சியின் முகம் தொங்கிவிட்டது. மூலை மூலையாக மூக்கை நுழைத்து மோப்பம் பிடித்தார், பாவம். அத்தை எழுந்து உட்கார்ந்து என்னையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அவள் தன் கையை முகர்ந்து பார்த்து, "அடியே, அது நான்டி!" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அவர் நிம்மதியாகச் சிரித்தார். நானும் சிரித்திருக்க வேண்டும்.

"யோசிச்சுச் சொல்றோம்" என்று அத்தை சொல்லிவிட்டாள். வீடு வரும்வரை வேறொன்றும் பேசவில்லை. அத்தை. பேசவில்லை.

ஜூன் 28, வெள்ளி

வாசனை இல்லை. பொய் சொன்னேன்.

ஜூன் 30, ஞாயிறு

கூட்டம் அதிகம். வேலை முடிந்து வந்ததும் அத்தை பாயில் விழுந்து தூங்கிவிட்டாள். ஒரு கால் மேசைக்கு அடியில், ஒரு கால் வாசல் பக்கம், கைகள் இரண்டும் இரண்டு திசையில். கரையில் ஒதுங்கிய ஆக்டோபஸ் மாதிரி. எப்போதும் இப்படித்தான். அவளைத் தாண்டிப் பல் தேய்க்கப் போவதே ஒரு வித்தை.

வண்டியில் மட்டும் ஏன் பென்சில்?

ஜூலை 2, செவ்வாய்

அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தோம். அத்தையின் முகத்தைப் பார்க்காமல் சொன்னேன். "அந்த வண்டியில வாசனை இல்ல அத்தை."

"தெரியுமே."

காய் கையிலிருந்து விழுந்துவிட்டது.

"முப்பது வருஷமா மீன் பொரிக்கிறேன், மீன் வாசனை எனக்குத் தெரியாதா? அன்னைக்குக் காலையிலதான் ரெண்டு பேரும் தோல் உரியக் குளிச்சோம். என் மேல சோப்பு வாசனைதான்டி அடிச்சுது." அத்தை உரித்ததைக் கிண்ணத்தில் போட்டாள். "அந்த மொட்டைத் தலை எதிர்ல உன்னைப் பொய்க்காரி ஆக்க முடியுமா? அதான் பழிய நான் எடுத்துக்கிட்டேன். ஊர்ல இப்ப நான் நாறுறவ."

என்னால் நிமிர முடியவில்லை. ஏன் பொய் சொன்னாய் என்று கேட்பாள், கேட்டால் என்ன சொல்றது, சொல்ல வராதே எனக்கு, தொண்டையிலயே நின்னுடுமே. வகுப்பில் நின்ற மாதிரியே.

கேட்கவில்லை. "வியாழக்கெழம மறுபடி போவோம். இன்னொரு தடவ படுத்துப் பாக்கணும்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "காய உரிக்கிறியா, இல்ல அதையும் மொறச்சுப் பாத்தே தோலக் கழட்ட வெப்பியா?" என்றாள்.

ஜூலை 4, வியாழன்

காலையிலிருந்து தூறல். பாலாடை வேன் அதே இடத்தில் நின்றது. குராமோச்சி எங்களைப் பார்த்ததும் தாமே கதவைத் திறந்து, "எலுமிச்சை வாசனை தெளிச்சிருக்கேன்" என்று சொல்லிவிட்டு, குடை எடுக்கக் கடைக்குள் ஓடினார்.

அத்தை செருப்பைத் தட்டில் கழற்றிவிட்டு உள்ளே போய்ப் படுத்தாள். சுவரோரம். கைகள் உடம்போடு. கண்ணை மூடிக்கொண்டாள். நான் வெளியே நின்றேன். அவளுக்குப் பக்கத்தில் மெத்தை காலியாக இருந்தது. பாதி மெத்தை. சரியாகப் பாதி.

மழை வலுத்தது. படி நனைய ஆரம்பித்தது.

"சாரல் அடிக்குது பாரு. கதவச் சாத்து" என்றாள் அத்தை, கண்ணைத் திறக்காமல்.

கதவின் பிடியில் கை வைத்தேன். இந்த முறை வார்த்தை தொண்டையில் நிற்கவில்லை, வெளியே வந்துவிட்டது.

"உள்ளேருந்தா, வெளியேருந்தா?"

கூரையில் மழை விழுந்துகொண்டிருந்தது. ஒரு சொட்டும் ஒழுகவில்லை.

"இதோட மூணு வண்டியில உனக்குப் பாதி எடத்தப் புடிச்சு வெச்சுக்கிட்டுக் கட்டை மாதிரி கெடக்கேன்" என்றாள். "எனக்கு இடுப்பு போச்சு. இன்னும் எத்தன நாளைக்குடி?"

நான் ஷூவைக் கழற்றினேன். தட்டில் இடமில்லை. அத்தையின் செருப்பைக் கொஞ்சம் நகர்த்தி, அதற்கும் சுவருக்கும் நடுவே என் ஷூ இரண்டையும் செங்குத்தாகச் செருகினேன். உள்ளே ஏறி, கதவைச் சாத்தினேன்.