அக்காவுக்கு நிச்சயமானவருக்கு

அன்புள்ள அத்தானுக்கு,

இங்கே எல்லோரும் நலம். உங்கள் நலத்தை நான் விசாரிக்கப் போவதில்லை. நேற்று உங்களுக்குப் பல் பிடுங்கினார்கள். கீழ்வரிசை, வலது பக்கம். இன்று பரவாயில்லை என்பது எனக்குத் தெரியும்.

மரத்துப்போகும் ஊசியை அவர்கள் போட்டபோது நான் பேருந்து நிலைய அறிவிப்பு அறையில், மைக்கின் முன்னால் இருந்தேன். பாதி அறிவிப்பில் நாக்கு தடித்துவிட்டது. ஊர்ப் பெயர்கள் குழைந்து விழுந்தன. வெளியே பயணிகள் சிரிப்பது கேட்டது. நேரக் காப்பாளர் ஜன்னலில் தலையை நீட்டி, என்னம்மா, பஸ்ஸு கிளம்பறதுக்குள்ள நீ தூங்கிட்டியா என்றார். தலையாட்டி வைத்தேன்.

வீட்டில் அக்கா விடவில்லை. பல் விஷயத்தை நீங்கள் தொலைபேசியில் சொல்லியிருந்தீர்களாம். அவருக்கு ஊசி போட்டா உனக்கு ஏண்டி பேச்சு குழறுது, அத்தான்மேல அவ்ளோ பாசமா என்று கேட்டுவிட்டு அவளே விழுந்து விழுந்து சிரித்தாள். 

அம்மா சிரிக்கவில்லை. பிறகு துணி மடிக்கும்போது, எத்தனை நாளாடி என்று மெதுவாகக் கேட்டாள். சொன்னேன். அவளும் சொன்னாள்.

அம்மா முன்பு நொண்டுவாள், அக்கா சொல்லியிருப்பாள். எந்த மருத்துவரும் குறை கண்டுபிடித்ததில்லை. அது அவள் கால் வலியே இல்லை. கல்யாணத்துக்கு முன்பு ஒரே ஒரு முறை பார்த்த ஒருவருடையது. நமக்கு நேர்ந்ததுதான் அவர்களுக்கும், ஒருவர் உடம்பில் படுவது மற்றவர் உடம்பிலும் தெரிந்தது. போன வருடம் ஒருநாள் காலையில் அந்த வலி சட்டென்று நின்றது. அப்பா பூரித்துப்போய்ப் புதுச் செருப்பு வாங்கி வந்தார். அம்மா அதைப் போட்டுக்கொண்டு அப்பாவோடு தெருக்கோடிவரை நேராக நடந்தாள். அந்த மனிதர் செத்துப்போனார் என்பது அவளுக்கு மட்டும் தெரியும்.

அப்பாகிட்ட சொல்லிடாதே, செருப்பு வாங்கினப்ப மனுஷன் அவ்ளோ சந்தோஷப்பட்டார் என்றாள்.  மடித்த துணியை மறுபடி உதறி மடித்தாள்.

உங்கள் கடிதம் கிடைத்தது. அணைக்கட்டு வேலைக்கு விடுப்பு போட்டுவிட்டு வந்து, அக்காவிடம் எல்லாவற்றையும் சொல்லிக் கல்யாணத்தை நிறுத்தப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். விதி நம்மை ஒன்றாக முடிச்சுப் போட்டுவிட்டது என்கிறீர்கள்.

விதி என்னைக் கேட்கவில்லை. உங்களையும் கேட்கவில்லை. அக்கா உங்களைப் பார்த்தாள், பேசினாள், சண்டை போட்டாள், பிறகு இவர்தான் வேண்டும் என்றாள். என் நரம்பில் ஓடுவதைவிட அது சின்ன விஷயமா? தெரியவில்லை. தெரியாத ஒன்றுக்காக அவளை உடைக்க என்னால் முடியாது.

நான் நல்லவள் என்று நினைத்துவிட வேண்டாம். போன மழையில் ஜன்னல் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தேன். உங்களுக்காகத்தான் வைத்தேன். குளிர்ந்தது. சற்று நேரத்தில் அதே உள்ளங்கையில் சூடு ஏறியது. அங்கே நீங்கள் தேநீர்க் குவளையைப் பிடித்திருந்தீர்கள். பதில் என்று புரிந்தது. அதற்குமேல் நாம் போகவில்லை. போக விரும்பியது இருவருக்கும் தெரியும்.

அக்கா உங்கள் அறைக்குத் திரைச்சீலை தைத்திருக்கிறாள். நீலம். நீளம் குறைந்துவிட்டது. அவர் குள்ளம்தானே, இது போதும் என்கிறாள்.

நான் வேறு ஊருக்கு மாற்றல் கேட்டிருக்கிறேன். தூரம் எதையும் குறைக்காது. ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டியிருக்காது, அவ்வளவுதான்.

வாருங்கள். நிறுத்த வராதீர்கள்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். தொலைபேசியில் அவள் பேசும்போது மரியாதைக்காகச் சிரிக்காதீர்கள். பொய்ச் சிரிப்பு தாடையை இழுக்கும். சமீபமாக எனக்கு அடிக்கடி இழுக்கிறது. அவள் நிஜமாகவே வேடிக்கையாகப் பேசுவாள், அத்தான். கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்கள். சிரிப்பு தானாக வரும். வந்தால் எனக்குத் தெரியும்.

எழுதியது,
அவள் தங்கை