ஆணியில் தொங்கிய ரொட்டி

அன்பு அண்ணன் தில்ஷோத்துக்கு,

இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், நம் வீட்டு அடுப்படி அலமாரிக்குப் பூட்டு வந்துவிட்டது, அந்தப் பூட்டுக்குக் காவல் மந்திரியாக உன் தம்பி பெஹ்சோத் பதவி ஏற்றுவிட்டான். முதல்ல நலம் விசாரிடா கழுதை என்று அம்மா தலையில் தட்டுகிறாள். நாங்கள் நலம், ரஷ்யாவில் அந்தப் பனி ஊரில் நீயும் நலமாக இருக்க அம்மா ஐந்து வேளையும் கையேந்திக் கேட்கிறாள். நலம் என்று எழுதச் சொன்னாள், எழுதிவிட்டேன், நீ நம்ப வேண்டாம். தந்தூர் அடுப்பில் வலது கையைச் சுட்டுக்கொண்டு கட்டுப் போட்டிருப்பதால் அவள் சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். போனில் பேசினால் சேதிக்கு முன்னால் அழுகை வந்துவிடுகிறதாம். நாளைக் காலையில் உன் ஊருக்கு லாரி எடுக்கும் ஹகீம் மாமாவிடம் இந்தக் கடிதத்தையும் ஒரு பை ஆப்ரிகாட் வற்றலையும் கொடுத்தனுப்புகிறோம், வற்றல் குறைந்திருந்தால் மாமாவைக் கேள், என்னைக் கேட்காதே.

நம் தங்கச்சி லோலாவின் ரத்தத்தை வெளிநாட்டுக்கு அனுப்பியிருந்தார்களே, பதில் வந்துவிட்டது. தலைநகர் துஷான்பேயில் டாக்டரம்மா எங்களை உட்கார வைத்து, சூப்புக்கு மாவைத் தேய்ச்சு வைக்கிறீங்க, கத்தி எடுத்து இழை இழையா வெட்டலேன்னா அது சூப்புக்கு ஆகுமா என்று அம்மாவைக் கேட்டார். உடம்பும் ஹார்மோனை முதலில் பச்சை மாவு மாதிரி நீளமாகத்தான் செய்கிறதாம். ஒரு நொதி வந்து உரிய இடத்தில் வெட்டினால்தான் அது வேலைக்கு ஆகுமாம். லோலாவுக்கு அந்தக் கத்தி பிறக்கும்போதே இல்லை. கத்தி இல்லாததால்தான் இப்படிக் கத்திக்கொண்டே இருக்கிறாளா என்று நான் கேட்டேன், யாரும் சிரிக்கவில்லை. வயிறு நிறைந்தது என்று மூளைக்குச் சொல்ல வேண்டிய ஹார்மோன் வெட்டுப்படாமலே கிடக்கிறது, அதனால் முதல் கரண்டியில் இருந்த பசி கடைசிக் கரண்டியிலும் அவளுக்கு அப்படியே இருக்கிறதாம். கைக்குழந்தையாக வயிற்றுப்போக்கில் அவளைப் பறிகொடுக்கப் பார்த்தோமே, அதுவும் இதனால்தான். கல்யாண வீட்டில் அல்வா தின்றுவிட்டு வேர்த்து, நடுங்கி, மயங்கி விழுந்ததும் இதனால்தான், நாம் கண்ணேறு என்று புகை போட்டுக்கொண்டிருந்தோம். தினமும் மாத்திரை, காய்ச்சல் வந்தால் கூடுதல் மாத்திரை, இனிப்பே கூடாது, அளந்து அளந்துதான் சாப்பாடு. இனிப்பு தின்ற பிறகு ரத்தத்தில் சர்க்கரை இன்னொரு முறை அப்படி இறங்கினால் எழுந்திருக்காமலும் போகலாம் என்றார். கத்தியை விற்கிற கடை எங்கும் இல்லை. நீங்க ரெண்டு பேரும் சொந்தமா என்று டாக்டரம்மா கேட்டதற்கு, இவ என் சித்தப்பா மகள், நம்ம பக்கம் வழக்கந்தானே என்று சொன்ன அப்பா அதற்குப் பிறகு அதிகம் பேசுவதில்லை. நீ அவரிடம் போனில் எதுவும் கேட்டுவிடாதே என்கிறாள் அம்மா. சொந்தத்துக்குள் கட்டினால் இரண்டு பக்கத்துக் குறையும் பிள்ளையிடம் சேருமாம், உன்னிடமும் என்னிடமும் அது பாதி ஒளிந்திருக்கலாமாம், அதனால் உனக்கு அத்தை மகளைக் கட்டும் பேச்சை அம்மா இப்போது எடுப்பதே இல்லை.

இதில் பெரிய தொல்லை நம் தெருதான். வாசலுக்கு வந்த குழந்தையை ரொட்டி கொடுக்காமல் அனுப்பினால் பாவம் என்று வீட்டுக்கு வீடு பிட்டுக் கொடுக்கிறார்கள், கூடவே கற்கண்டும். கொடுக்க வேண்டாம் என்று சொல்லப் போனால் எதிர்வீட்டு சனோபர் அக்கா, ஓநாய்கூடத் தன் குட்டிக்குப் போட்டுட்டுத்தான் திங்கும், நீங்க பூட்டு போடுறீங்க என்றாள். அம்மா விடுவிடுவென்று வீட்டுக்குத் திரும்பி வந்தாள். அதன் பிறகுதான் அரசாங்கம் என் கைக்கு வந்தது. சாவி என் கழுத்தில், லோலா என் கண்ணில். எறும்புகூட என்னைக் கேட்காமல் அடுப்படிக்குள் நுழையாது. அவள் அழுதால் கல்லாகிவிடுவேன், கொஞ்சினால் இரும்பாகிவிடுவேன்.

இனி எழுதுவதை எழுதுவதா என்று அம்மா ரொம்ப நேரம் யோசித்தாள். நீ ரஷ்யாவுக்குப் புறப்பட்ட அன்று வாசலில் நின்று ஒரு வாய் கடித்துவிட்டுக் கொடுத்த ரொட்டி, மிச்சத்தை நீ வந்து தின்னும்வரை யாரும் தொடக்கூடாது என்று கூடத்து ஆணியில் தொங்கியதே, அது இப்போது இல்லை. ஒரு நாள் காலையில் பார்த்தால் வெறும் ஆணி. கட்டிலுக்கு அடியில் லோலா, மோவாயெல்லாம் துகள். உன் அண்ணன் திரும்பி வர்ற வழியையே தின்னுட்டியேடி என்று அம்மா இடது கையால் ஓங்கி அறைந்துவிட்டாள். எப்படி எட்டிச்சு என்று கேட்டதற்கு, நாற்காலி போட்டேன் என்று மட்டும் சொன்னாள். அழவில்லை. பிறகு அம்மா தரையில் கிடந்த துண்டு ஒன்றை எடுத்துப் பார்த்தாள், புழுதியும் பூச்சி அரித்த பொடியுமாகக் கல் மாதிரி இருந்தது. பேராசை பிடிச்சவ இதைத் திங்க மாட்டா, பசிச்சவதான் திம்பா என்று அவளை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு அழுதாள். டாக்டர் சொன்னதை அன்றைக்குத்தான் அம்மா நம்பினாள் என்று நினைக்கிறேன். ஆனால் இப்போதெல்லாம் அந்த ஆணியைப் பார்த்தால் அவளுக்குச் சோறு இறங்குவதில்லை. கட்டட வேலையில் சாரத்தில் ஏறும்போது கயிறு கட்டிக்கொள், காதை மூடிக்கொள், வசந்தப் புத்தாண்டு நவ்ரோஸுக்கு எப்படியாவது வந்து புதிதாக ஒன்றைக் கடித்துவிட்டுப் போ என்கிறாள். மறந்துவிடாதே.

கடவுள் உன்னைத் தன் கைக்குள் வைத்துக் காக்கட்டும், உன் பாதையில் பனி வழுக்காதிருக்கட்டும்.

உன் தாய் முஹப்பத்
(எழுதிய கை: காவல் மந்திரி)

அண்ணா, அம்மா தொழப் போயிருக்கிறாள். மேலே எறும்பு, கல், இரும்பு என்று எழுதியதை எல்லாம் அடித்துவிட்டுப் படி. நாற்காலி மேல் நுனிக்காலில் நின்றால்தான் எனக்கே அந்த ஆணி எட்டும், லோலாவுக்கு எப்படி எட்டும்? நாற்காலி போட்டவன் நான். கத்தி அழுதிருந்தால் தாங்கியிருப்பேன். அன்றைக்கு அவள் வாயை மூடிக்கொண்டு என் சட்டை நுனியைச் சப்பிக்கொண்டிருந்தாள். அலமாரியில் எடுத்தால் அம்மா எண்ணிப் பார்ப்பாள், ஆணியில் இருப்பதை யார் எண்ணப் போகிறார்கள் என்று இறக்கித் துண்டு துண்டாகத் தண்ணீரில் நனைத்துக் கொடுத்தேன், நனைக்காததையும் அவள் விடவில்லை. அறை விழும்போது பக்கத்தில்தான் நின்றேன். அவள் என்னைப் பார்த்தாள், சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

இன்னொன்று. அவள் முழுதும் தின்னவில்லை. உன் பல் பட்ட ஓரத்தை மட்டும் உடைத்து என்னிடம் நீட்டி, இது பெரியண்ணனோடது, வந்து திங்கட்டும் என்றாள். எதைக் கண்டாலும் வாயில் போடுகிறவள். அதை அம்மாவிடம் கொடுத்தால் யார் இறக்கியது என்று கேட்பாளே என்று பயந்து இத்தனை நாளும் என் தொப்பிக்குள் வைத்திருக்கிறேன். இந்த உறையை ஒட்டியதும் தொப்பியைக் கழற்றிக்கொண்டு அம்மாவிடம் போகிறேன். மந்திரி பதவி இன்றோடு போகும். நீ வா.